கொதிநிலைச் சட்டம்

கடலோரத்தில் அரண்மனையும் மலையுச்சி வரை குடிமக்களும் பரவியிருந்த நாடு ஒன்று உண்டு. அதன் அரசர் நடுநிலைப் பள்ளிகளுக்குப் புதிய அறிவியல் பாடத்திட்டம் வகுத்தார். முதல் விதி: மாணவர் தாமே சோதித்துக் கண்டதை எழுத வேண்டும். இரண்டாம் விதி: கண்டது பாடநூலில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

மலையுச்சியிலிருந்த பனிமுடிப் பள்ளியில் இரு விதிகளும் மோதிக்கொண்டன. நீர் நூறு பாகையில் கொதிக்கும் என்றது பாடநூல். அங்கே தொண்ணூற்று மூன்றிலேயே தளதளத்தது. ஆசிரியை எழிலி, கண்டதையே எழுதச் சொன்னார்.

பாடத்திட்ட அமைச்சர் வேழநாதர் அவையில் எழுந்தார். "மலைத் தண்ணி ஆணையை மதிக்கமாட்டேங்குது மன்னா. இன்னைக்கு ஏழு பாகை குறையும். நாளைக்கு?"

கடலோரக் கிணற்று நீரைப் பீப்பாய்களில் மலையேற்ற ஆணை பிறந்தது. நெல் ஏற்ற வேண்டிய வண்டிகள் நீர் சுமந்தன. மேலே சென்றதும் அந்த நீரும் தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்தது.

"சகவாச தோஷம்!" என்றார் அமைச்சர்.

அடுத்த ஆணை: வெப்பமானி நூறு காட்டும்வரை மலையில் எவரும் உலையில் அரிசி இடக் கூடாது. உலைகள் வற்றின, பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்தனர். எழிலிக்கு இறுதி எச்சரிக்கையும் வந்தது: அமைச்சர் முன்னிலையில் மாணவர் நூறு என்று எழுதாவிட்டால் பள்ளி மூடப்படும்.

அமைச்சர் அரண்மனை வெப்பமானியுடன் வந்தார். அதுவும் தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டது.

"வழியில குலுங்கிக் கெட்டுப்போச்சு," என்றார்.

நாச்சி என்னும் மாணவி எழுந்தாள். "அப்ப இதையே எடுத்துக்கிட்டு உங்களோட கீழ இறங்குறோம்யா. தங்குற எடத்துல எல்லாம் தண்ணி வச்சுப் பாப்போம். கெட்டுப்போயிருந்தா எங்க வச்சாலும் தொண்ணூத்தி மூணுதானே காட்டும்?"

"என்ன டீச்சர், பொண்ணு இம்புட்டு வாயாடுது?"

"உங்க முதல் விதிங்கய்யா. நல்லாப் பழகிட்டா."

கெட்டுவிட்டது என்று சொன்னவர் அவரே, மறுக்க வழியில்லை. வகுப்பு அவருடன் இறங்கியது. சத்திரத்துக்குச் சத்திரம் எண் சற்றே உயர்ந்தது. அந்தந்த ஊர்ப் பிள்ளைகளும் அடுப்பைச் சூழ்ந்து நின்று பார்த்தனர். அரண்மனை வாசலில் அது நூற்றைத் தொட்டது.

"பாத்தியா, நூறு!" என்று துள்ளினார் அமைச்சர்.

"ஆமாங்கய்யா. இங்க நூறு," என்று எழுதிக்கொண்டாள் நாச்சி.

மறுநாள் முரசு அறைந்தார்கள்: உயரத்துக்கேற்பக் கொதித்துக்கொள்ள அரசர் நீருக்கு அருள்கூர்ந்து அனுமதி அளித்திருக்கிறார். மலையில் அரிசி வெந்தது. பள்ளியும் மூடப்படவில்லை.

ஆனால் பிள்ளைகளின் பழக்கம் நீரோடு நிற்கவில்லை. சில வாரங்களில் சத்திரத்து ஊர் ஒன்றில், அவ்வூர்ப் பிள்ளைகள் எடையைச் சோதிக்கப் பங்கீட்டுக் கடையின் முன் திரண்டனர்.

"அரச முத்திரை போட்ட எடைக்கல்லும்மா. குறையாது," என்றார் கடைக்காரர்.

"குறையுதுன்னு சொல்லலண்ணே. பாத்துட்டு எழுதணும்."

கடைக்காரர் தெருவின் இருபுறமும் நோக்கினார். பின்பு தராசைத் தூக்கி வந்து, வெளிச்சம் விழும் வாசலில் வைத்தார்.

"நானும் ரொம்ப நாளாப் பாக்கணும்னுதான் இருந்தேன்," என்றார்.