நான் எழுதிய ‘போறன்’ மென்பொருள்

ஒரு கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி ஓடிவருகிற ஒருத்தி, கைத்தொலைபேசிக்கு மென்பொருள் எழுதப் பழகலாம் என்று எந்தத் துணிவில் நினைத்தாள்?

மகளை நேர்சரியில் விட்டபிறகு நான் வெள்ளவத்தையில் சும்மாதான் இருந்தேன். (சும்மா என்றால் சமையல், துணி, மாமி.) காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் கணினி வகுப்பு நடந்தது. ‘அடிப்படையிலிருந்து மொபைல் மென்பொருள்’ என்றது பலகை. என்னைவிட அடிப்படையானவர் யார்? சேர்ந்துவிட்டேன்.

“போனுக்கு மூளை சின்னது. தேவையில்லாத எழுத்து ஒண்டும் போடாதேங்கோ” என்பார் வகுப்பெடுத்த சேர். அதைவிடச் சின்ன மூளையோடு நான் தலையாட்டுவேன்.

கடைசிப் பயிற்சியாக எல்லோரும் பந்து விளையாட்டு எழுத, நான் யுத்தகால நாட்டு நிலைமைக்கு ஏற்ற ஒன்றை எழுதினேன். எங்காவது குண்டு வெடித்தால் ஆள் எங்கே என்றுதானே முதலில் தேடுகிறோம்? நான் எங்கேயிருந்து புறப்பட்டாலும் ஒரு பொத்தானை அமத்தினால் போதும், கொட்டாஞ்சேனையில் வேலை செய்யும் என் கணவருக்கு ‘போயிட்டு வாறன்’ என்று செய்தி போகும். ஒருதரம் அனுப்பினால் கிடைக்குமோ என்னவோ என்று, பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பவும் வழி செய்தேன். தேவையில்லாத எழுத்துகளை வெட்டச் சொன்னாரல்லவா? ‘போறன்’ என்று சுருக்கினேன்.

எங்கள் வீடுகளில் யாரும் ‘போறன்’ என்று சொல்லிப் படி இறங்குவதில்லை. அப்படிச் சொன்னவர் திரும்பி வரமாட்டார் என்பது மாமியின் ஆராய்ச்சி முடிவு. கெட்டிக்காரி எனக்கு அது அந்த நேரம் நினைவில்லை.

வகுப்பின் முன்னால் நின்று பொத்தானை அமத்தினேன். ‘செய்தி அனுப்பவா?’ என்று போன் மரியாதையாகக் கேட்டது. ‘இனிமேல் கேட்காதே’ என்பதைத் தெரிவு செய்தேன். பிறகு அது கேட்கவேயில்லை. போறன். போறன். போறன். எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

“பட்டரியைக் கழட்டுங்கோ பிள்ளை!” என்று சேர் கத்தினார். கழற்றினேன்.

மறுமுனையை யோசித்துப் பாருங்கள். மனைவி விடாமல் ‘போறன்’ என்கிறாள். திருப்பி அழைப்பு எடுத்தால் என் போன் செத்துக் கிடக்கிறது. மனுஷன் ஓட்டோ பிடித்துப் பறந்திருக்கிறார். பம்பலப்பிட்டியில் சோதனைச் சாவடி. ஒரே சொல் வரிசையாக நிற்கும் போனைப் பார்த்த பொலிஸ்காரர், “மேக கோட் எகக்த?” என்று கேட்டிருக்கிறார். இது கோட்டா, ஏதும் இரகசியக் குறியீடோ என்ற சந்தேகம். நான் வகுப்பில் ‘கோட் எழுதுறன்’ என்று வீட்டில் பீற்றிக்கொண்டதைக் கேட்டிருந்த என் அரிச்சந்திரன், “ஒவ் சேர், வைஃப் கோட் லியனவா” என்று சொல்லிவிட்டார். ஓம், மனைவிதான் கோட் எழுதுகிறாளாம்!

சாவடியிலிருந்து வகுப்புக்கு அழைப்பு வந்தது. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று சாவடிக்குள் மர வாங்கில் குந்தியிருந்த இவரைக் கண்டதும் பக்கத்தில் போய் ஒட்டி நின்றுகொண்டேன். அங்கே இருத்தப்பட்டவர்கள் எல்லோரும் அன்றே வீடு திரும்புவதில்லை.

“இஞ்சருங்கோ, என்ன சொன்னனீங்கள் அவையளிட்ட?”

“உண்மையைத்தான் சொன்னனான். நீர் உயிரோடதானே இருக்கிறீர்? பேந்தென்னத்துக்கு ‘போறன்’ எண்டனீர்?”

சாவடிக்குப் பொறுப்பான பெரியவர் என்னை அதைச் செய்துகாட்டச் சொன்னார். பட்டரியைப் போட்டு, கடவுளை நினைத்து, அமத்தினேன். மேசையில் கிடந்த இவருடைய போன் சேவல் மாதிரிக் கூவத் தொடங்கியது. போறன். போறன். எழுத்துக்கூட்டி வாசித்த பெரியவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

“போறன்... யனவா? கொஹெத யன்னே?” எங்கே போகிறாயாம்.

“கெதர, சேர்.” வீட்டுக்கு என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “எஹெனம் யன்ன!” அப்படியானால் போ!

போனோம். வகுப்புக்கு நான் பிறகு போகவில்லை. மாமி மட்டும், நான் மீன் வாங்கப் புறப்பட்டாலும், “பொலிசுக்குச் சொல்லிப்போட்டியோ பிள்ளை?” என்று கேட்பார்.

பிரச்சினை வேறு. இவர் அந்தச் செய்திகளில் ஒன்றையும் அழிக்கவில்லை. போனில் இடமில்லாமல் என் ‘பால்மா வாங்கிக்கொண்டு வாங்கோ’ போய்ச் சேருவதேயில்லை. அழியுங்கோ என்றால், “கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நீர் எனக்கு எழுதின ஒரே காதல் கடிதம் அதுதான்” என்கிறார்.

இப்படிக் கதைக்கிற மனுஷனைக் கொண்டு பால்மா வாங்குவிப்பது எப்படி? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.