மாயாஜாலம் ஆக்கப்பட்ட காதல் படம்

மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய எங்கள் ஊரில், கேபிள் டிவி புதிதாக வந்த காலத்தில், எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று சொல்லும் பொறுப்பு கமருன்னிஸாவிடம் இருந்தது. அவளை யாரும் நியமிக்கவில்லை. கேபிள் நடத்திய உபைதுல்லா பாய்க்கு வியாழக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் விளம்பரமே கிடைப்பதில்லை. அந்த ஓட்டையை அடைக்கத் தன் தங்கையைக் காமிராவுக்கு முன்னால் உட்கார வைத்தார். அவளும் படம் பார்த்து மனசில் பட்டதைச் சொன்னாள். அவள் கணவன் அஸார் ஷார்ஜாவில் இருந்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டே முறைதான் வந்து போயிருந்தான். ஆகவே படம் பார்க்க அவளுக்கு நேரம் இருந்தது.

பாம்பு பெண்ணாக மாறும் படம் ஒன்றை அவள் மெச்சினாள். “பாம்பு பொம்பளையா மாறுது, மாறட்டும். மாறினப்புறமும் அரிசியைக் களைஞ்சுதான் உலையில போடுறா. நம்பலாம். போய்ப் பாருங்க.” ஊரே போய்ப் பார்த்தது.

அடுத்த வாரம் அய்யாவுவின் தியேட்டரில் ஒரு காதல் படம் வந்தது. கதாநாயகனுக்கு வெளிநாட்டில் வேலை. ஊரில் மனைவிக்குக் காய்ச்சல். ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் அவன் பெட்டியும் கையுமாக வாசலில் நிற்கிறான்.

கமருன்னிஸா சொன்னாள்: “பாஸ்போர்ட் முதலாளி கையில. லீவு கேட்டு எழுதிப் போட்டா பதில் வர மூணு மாசம். இவன் ஒரே பாட்டுல வந்துட்டான். இது காதல் படம் இல்லைங்க, மாயாஜாலப் படம். பிள்ளைங்களோட போங்க.”

இங்கேதான் வினை வந்தது. அந்நாளில் ‘காட்சி வகைப்பாட்டுப் பிரிவு’ என்று ஒரு சர்க்கார் இலாகா இருந்தது. ஒவ்வொரு தியேட்டரும் வாசலில் ‘காதல்’ என்றோ ‘மாயாஜாலம்’ என்றோ பலகை மாட்ட வேண்டும் என்பது அதன் உத்தரவு. மாயாஜாலத்துக்குக் குழந்தைகளை இலவசமாக விட வேண்டும். காதலுக்குக் குழந்தைகளே கூடாது. வெள்ளிக்கிழமை மேட்னிக்கு ஊர்ப் பெண்கள் குழந்தை குட்டிகளோடு வந்து நின்றார்கள்.

“பலகையைப் பாருங்கம்மா, காதல்னு போட்டிருக்கு” என்றார் அய்யாவு.

“பலகை நீங்க எழுதினது. நாங்க படத்தைச் சொல்றோம்” என்றாள் சைத்தூன் பீவி. அவள் இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு.

அய்யாவு மனுப் போட்டார். பிரிவின் அதிகாரி நாகநாதன், தம் உதவியாளர் வீரையனோடு ஜீப்பில் வந்து இறங்கினார். விசாரணை நிமித்தமாகப் படத்தைப் பார்த்தார். விசாரணை நிமித்தமாக இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தியேட்டரிலேயே மேஜை போட்டுக் கமருன்னிஸாவை அழைத்தார்.

“எந்த அதிகாரத்துல இப்படிச் சொன்னீங்க?”

“படத்தைப் பார்த்தேன், சொன்னேன் சார்.”

“பார்த்தவங்க எல்லாரும் சொல்லிட்டா, பார்க்காமலே சொல்றதுக்கு நாங்க எதுக்கும்மா இருக்கோம்? வாபஸ் வாங்கிடுங்க. இல்லேன்னா உங்க அண்ணன் கேபிளை அறுக்க வேண்டியிருக்கும்.”

அண்ணன் கடன் வாங்கி இழுத்த கேபிள். ஆனாலும் கமருன்னிஸா கேட்டாள்: “பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னு கேட்டதும் கிளம்பி வந்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க சார். இப்பவே வாபஸ் வாங்குறேன்.”

நாகநாதன் விதியைப் புரட்டினார். ‘நிகழக்கூடியது காதல், நிகழ இயலாதது மாயாஜாலம்’ என்றுதான் அதில் இருந்தது. ஆகவே, மேற்படி கணவர்கள் எவரேனும் இருப்பின் ஆஜராகலாம் என்று உபைதுல்லா பாயின் கேபிளிலேயே அறிவிப்புச் செய்யப்பட்டது.

அய்யாவு எப்படியோ ஜெக்கரியா என்பவரைப் பிடித்து வந்தார். அவர் குவைத்திலிருந்து திரும்பியவர்.

“மனைவிக்குக் காய்ச்சல்னு வந்தீங்களா?”

“இல்லீங்க, கம்பெனி அனுப்பிடுச்சு. நான் வந்தப்புறம்தான் அவளுக்குக் காய்ச்சல்.”

அடுத்து பிரகதீஸ்வரி என்ற பெண் எழுந்தாள். அவள் கணவன் சிங்கப்பூரில் இருந்தான். “பிரசவத்துக்கு வர்றேன்னாரு. வரலை. அவர் பேசின கேசட்டுதான் வந்துச்சு. அதைப் போட்டா பிள்ளை அழுவுது சார்.” சைத்தூன் பீவிக்கு ஆபரேஷன் நடந்தபோது, வெளிநாட்டிலிருந்த கணவனுக்குப் பதில் ஒரு கம்பளிப் போர்வை வந்ததாம். சித்திரை மாசத்தில். தியேட்டரில் சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது.

“பாம்புப் படத்தை நம்பலாம்னு சொன்னாங்களே, அதையும் விசாரிச்சுடலாம் சார்” என்று வீரையன் நினைவூட்டினார். பாம்பு பெண்ணாக மாறியதைக் கண்ணால் கண்டதாக, வேதாரண்யத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து சாட்சி சொன்னார்கள். ஒருவர் சத்தியமே செய்தார்.

நாகநாதன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். உத்தரவு பிறந்தது: ‘மேற்படி மனு மீது உரிய விசாரணை நடத்தியதில், வெளிநாடு சென்ற கணவர் மனைவியின் சுகவீனம் கேட்டுத் திரும்பி வருதல் நிகழ இயலாதது எனச் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே இப்படம் மாயாஜாலம் ஆகும். பாம்புப் படம் காதல் ஆகும்.’

ஊர்ப் பெண்கள் குழந்தைகளோடு அலைமோதினார்கள். அய்யாவுக்கு ஹவுஸ்புல். உபைதுல்லா பாய் தெருவுக்கே அல்வா கொடுத்தார். ஜெயித்த சந்தோஷத்தில் இருந்த கமருன்னிஸாவுக்கு ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது.

“நம்ம பொழப்பை ஊர் பூரா பேசினியாமே?” என்றான் அஸார்.

“படத்தைப் பத்திதாங்க பேசினேன்.”

“சரி, அந்த உத்தரவை ஒரு ஃபேக்ஸ் போடச் சொல்லு. முத்திரை தெளிவா விழணும்.”

“உங்களுக்கு எதுக்கு?”

“பெருநாளைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன்ல...”

மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அண்ணன் கேட்டதற்கு, லைன் சரியில்லை என்றாள்.

ஃபேக்ஸ் ஷார்ஜா போனது. அங்கிருந்து மஸ்கட், தம்மாம், சிங்கப்பூர் என்று பிரதி பிரதியாகப் பரவியது. அடுத்த மாசம் எங்கள் ஊருக்கு வந்த தபால்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. ‘வர ஆசைதான். ஆனால் இணைப்பில் காண்க.’ பெண்கள் கமருன்னிஸாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது நாகநாதன் வீட்டிலும் போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து மகன் சதீஷ்.

“அப்பா, இங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு ஆர்டரைக் காட்டினான். கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம்ப்பா” என்றார் நாகநாதன் பெருமையோடு.

“அப்ப சரி. நான் தனியா ஒண்ணும் விளக்க வேண்டியதில்லை” என்று சதீஷ் வைத்துவிட்டான்.

சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி பிரகதாம்பாள் எட்டிப் பார்த்தாள். “என்னங்க, பொங்கலுக்கு என்னைக்கு வர்றானாம்?”

“வர இயலாதாம்.”

“யார் சொன்னா?”

நாகநாதன் ரிசீவரை மெதுவாக வைத்தார்.

“நான்தான்.”