ஒரு மாத்திரையில் விழுந்த கூரை

தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களால் சமூகத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்பது பொதுவான கருத்து. நான் மறுக்கிறேன். ராயபுரத்தில் ஒரு சமையலறைக் கூரையும் ஒரு சட்டி கவலை மீன் குழம்பும் என் தமிழறிவால் நாசமாயின. (சட்டி மட்டும் தப்பித்தது. அலுமினியம். கொஞ்சம் நெளிந்தது, அவ்வளவுதான்.)

மரம் வெட்டும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன மிஷின் வாங்கலாம் சார்?" என்பதுதான். எந்த மிஷின் வேண்டுமானாலும் வாங்குங்கள், முதலில் காதைத் திறந்து வையுங்கள் என்பேன். பெரியவர் கிண்டல் செய்கிறார் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அச்சகத்தை மூடிவிட்டார்கள். நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து, மளிகைச் சாமான் சுற்றி வந்த காகிதங்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி ரெஜினா பொறுத்துப் பார்த்தாள். அவளுடைய சித்தி மகளின் கல்யாணப் பத்திரிகையில் விடுபட்ட ஒற்றெழுத்துகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அதைக் கொடுத்தவர்களிடமே நான் திருப்பி நீட்டிய அன்று, பொறுமை தீர்ந்து தன் அண்ணன் சவரியைக் கூப்பிட்டாள்.

சவரி மச்சான் மரம் ஏறுகிறவர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடுகளிலும் தொழிற்சாலை வளாகங்களிலும் கிளை கழிப்பதும் மரம் சாய்ப்பதும் அவர் தொழில். ஐப்பசி மழைக்கு முந்தைய நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்து, கீழே நின்று கயிறு பிடிக்கும் ஆள் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். உதவிக்கு மிஞ்சியது எர்ணாவூர்க்காரன் டில்லி மட்டும்.

"ஒரு மரம்," என்றார் சவரி மச்சான், என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்து. "ஒரே ஒரு மரம் தர்றேன். ஒயுங்கா கயிறு புடிச்சா கூட வெச்சிக்கிறேன். சொதப்புனா, நீ அழுதாலும் நா கேக்க மாட்டேன்."

ரெஜினா அழவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான்கு மாத மளிகைக் காகிதங்களும் இருந்தன. அந்த ஒரு மரத்தில் தேறியே தீருவது என்று அன்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த உறுதியான முடிவுகள் எல்லாமே யாராவது ஒருவருக்குச் சேதத்தில்தான் முடிந்திருக்கின்றன என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்று நாள் கைப்பேசியில் வெளிநாட்டு மரவேலைக்காரர்களைப் பார்த்துப் பாடம் படித்தேன். அவர்கள் தலைக்கவசம் அணிகிறார்கள், காதை மூடுகிறார்கள், கையுறை, பூட்ஸ் எல்லாம் போடுகிறார்கள். என்னிடம் பைக்குக்கு வாங்கிய முழுமுக ஹெல்மெட் இருந்தது. காதுக்கு, வீட்டிலிருந்த மருந்துப் பஞ்சு. நண்பர் ஒருவரின் வெல்டிங் கையுறை. மழைக்காலத்துக்கு வாங்கி வைத்திருந்த முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாசலில் இந்தக் கோலத்தில் போய் நின்றேன். டில்லி குட்டியானை வண்டியிலிருந்து கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கயிற்றை அப்படியே போட்டுவிட்டான்.

"சவரிண்ணே, மாப்ள வந்துகீறாரு. மரத்த ஓட்டினு போவப் போறாரு போல."

"ஹெல்மெட்டு கீது, வண்டி எங்க மாப்ள?" என்றார் சவரி மச்சான். தன்னிடமிருந்த மஞ்சள் ஹெல்மெட்டை நீட்டினார். காதை மூடாத, கட்டட வேலைக்காரர்கள் போடுவது. உள்ளே யாரோ ஒருவருடைய பத்து வருட வியர்வை இருந்தது. என்னுடையதில் தரமுத்திரை இருக்கிறது என்று மறுத்துவிட்டேன்.

ஸ்டெல்லா டீச்சர் பள்ளியில் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவர். பின்கட்டில் பெரிய வாதாமரம். அதன் கிளைகள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்ட சமையலறைமேல் படர்ந்து கிடந்தன. புயல் அடித்தால் கிளை கூரையில் விழும் என்பதுதான் அவர் பயம். அதைத் தடுக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். (இந்த வாக்கியத்தை இன்றும் என்னால் நேராக உட்கார்ந்து எழுத முடியவில்லை.)

சவரி மச்சான் எனக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தார். "கிளைய அறுக்கறதுக்கு முன்னாடி கயித்துல கட்டிப்பேன். கயிறு மேல கவட்டைல ஏறி எறங்கி உன் கைக்கு வரும். அடிமரத்துல மூணு சுத்து சுத்திக்கோ. வெயிட்ட மரம் தாங்கும், நீ தாங்க வேணா. டில்லி பக்கக் கயித்த இஸ்துகினு திசை காட்டுவான். நா 'வுடு'ன்னா கொஞ்சங் கொஞ்சமா வுடு. சொல்லலைன்னா புடிச்சினு நில்லு."

"விடு," என்றேன்.

"இன்னாது?"

"'வுடு' இல்ல மச்சான். 'விடு'. வேர்ச்சொல்லே அதுதான்."

டில்லி மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சவரி மச்சான் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். "மேல நிக்கறவன் நானு. நா வுடுன்னா நீ வுடணும். ஏன்னு கேக்கக் கூடாது, எதுக்குன்னு கேக்கக் கூடாது. காதுல வியுந்தா கை வேல செய்யணும். அவ்ளோதான்."

இந்த வார்த்தைகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் என் தரப்பு வாதம் முழுவதும் இவற்றின்மேல்தான் நிற்கப் போகிறது.

அவர் ஏறுவதற்கு முன் டீச்சரை அடுப்பை அணைக்கச் சொல்லி வெளியே வரவழைத்தார். கிளை இறங்கும்போது வீட்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். தொழிலில் அவர் வைத்திருக்கும் சட்டங்களில் எது முக்கியம் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இதை நான் நகைச்சுவையாக எழுதிக்கொண்டிருக்க முடியாது.

முதல் நான்கு கிளைகள் அழகாக இறங்கின. மிஷினை நிறுத்திவிட்டு அவர் "வுடு... வுடு" என்பார், நான் விடுவேன். ஐந்தாவது கிளையோடு முசுறு எறும்புக்கூடு ஒன்றும் வந்தது. பாதி எறும்புகள் என் சட்டைக்குள் இறங்கின. வாதாமரத்தடியில் நிற்பவர்கள் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும் என்பது அப்போது தெரியாது. கழுத்திலிருந்து இடுப்பு வரை கடித்தன. நான் கயிற்றை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளையைத் தரையில் கிடத்திவிட்டுத்தான் சட்டையைக் கழற்றி உதறினேன்.

"பரவால்ல," என்று மேலிருந்து குரல் வந்தது. "மாப்ள தாங்கறான்."

அந்த ஒரு பாராட்டு என்னைக் கெடுத்துவிட்டது. மூன்று சுற்று இருப்பதால்தான் கிளை இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று தோன்ற, நானாகவே இரண்டு சுற்றைக் குறைத்தேன். (பிழை திருத்துபவன் பழக்கம். மிகையாகத் தெரிவதை நீக்கிவிடுவது.) மிஷின் சத்தம் காதுக்குக் கேடு என்று படித்தது ஞாபகம் வந்து, இரண்டு காதிலும் பஞ்சை வைத்து ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

சமையலறைக்கு நேர் மேலே இருந்ததுதான் பெரிய கிளை. சவரி மச்சான் அறுத்து முடித்து மிஷினை நிறுத்தினார். கிளை கயிற்றில் தொங்கியது. பக்கக் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்த டில்லி, கீழே கிடந்த வாதாங்காயில் கால் வைத்துச் சறுக்கி உட்கார்ந்தான். பக்கக் கயிறு தளர்ந்தது. கிளை மெல்லத் திரும்பி, சமையலறையைப் பார்த்து ஊஞ்சல்போலப் போனது.

மேலிருந்து குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"மாப்ள, வூடு."

விடச் சொல்கிறார். கொஞ்சம் விட்டேன்.

"வூடு... வூடு."

இன்னும் விட்டேன்.

"யோவ், வூடூடூ..."

இவ்வளவு அவசரமாகச் சொல்கிறாரே என்று, ஏன் என்று கேட்காமல், எதுக்கு என்று கேட்காமல், மாதா கோயில் பூசையில் சாமியார் கை விரிப்பதுபோல இரண்டு கையையும் விரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த சத்தம் பஞ்சையும் ஹெல்மெட்டையும் தாண்டித் தெளிவாகவே கேட்டது.

தூசி அடங்கியபோது சமையலறைக்குள் ஒரு வாதாமரம் முளைத்ததுபோல இருந்தது. டீச்சர் முதலில் கேட்டது, "யாருக்கும் அடிபடலையே?" என்று. இல்லை என்று தெரிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தார். "குழம்பு போச்சு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா விட்ட?"

"அவர்தான் வுடுன்னாரு டீச்சர்."

"நா எங்கய்யா வுடுன்னேன்?" சவரி மச்சான் மரத்திலிருந்தபடியே சொன்னார். "வூடுன்னேன். வூடு. டீச்சர் வூடு. இடிக்கப் போவுது, இஸ்துப் புடின்னு."

எனக்கு அப்போது வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். "'வூடு'ன்னு ஒரு சொல்லே இல்ல மச்சான்," என்றேன். "'வீடு'ன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன்."

வாதாங்காய்மேல் உட்கார்ந்தபடியே டில்லி சொன்னான்: "நைனா, வூடே இல்ல இப்போ. சொல்லு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா."

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். வகுப்பில் மிட்டாய் பிடுங்கும் விரல்களால் என் காதிலிருந்து பஞ்சை உருவி, அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். சவரி மச்சான் இறங்கி வந்தார்.

"மாப்ள, நீ வூட்டுக்குப் போ."

இந்த முறை ஒவ்வோர் எழுத்தும் கேட்டது.

"போக மாட்டேன்," என்றேன். முதுகெல்லாம் எறும்புக்கடி, காலில் முழங்கால் பூட்ஸ். அந்தக் கோலத்தில் உறுதியாகப் பேசுவது எளிதில்லை. "இன்னும் ஒரு கிளை இருக்கு மச்சான். கீழ கயிறு பிடிக்க வேற ஆள் இல்ல. அப்புறம் கூரை இருக்கு. நான்தான் உடைச்சேன், நான்தான் போடுவேன்."

"இரு சவரி," என்றார் டீச்சர். "நீ கொஞ்சம் அந்த ரெண்டு வார்த்தையையும் சொல்லு."

அவர் சொன்னார். வுடு. வூடு.

"இப்ப மேல இருந்து கத்துற மாதிரி சொல்லு."

கத்தினார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தூரத்தில் நிற்கிறவனைக் கூப்பிட்டால் எழுத்து தானாக நீளும், குறிலும் நெடிலாகிவிடும் என்றார் டீச்சர். "பஞ்சு வெச்சது இவன் தப்பு. ஒரு மாத்திரை வித்தியாசத்துல தலைக்கு மேல கிளையத் தொங்கவிட்டது உன் தப்பு. வேற வார்த்தை வெச்சுக்கோங்க."

"அது இன்னாது டீச்சர், குறிலு?" என்றான் டில்லி.

"குறில்னா குறுக்கிச் சொல்றது. நெடில்னா நீட்டிப் பிடிச்சுச் சொல்றது."

டில்லி யோசித்தான். "குறிலுன்னா வுடறது. நெடிலுன்னா புடிக்கறது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. இதுவே நல்லாக்கீதே."

சவரி மச்சான் மஞ்சள் ஹெல்மெட்டை என் கையில் திணித்தார். "இந்தக் கிளைய எறக்கு. அப்பால பாக்கலாம்."

வாங்கி மாட்டிக்கொண்டேன். பத்து வருட வியர்வையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று சுற்று சுற்றினேன். மேலிருந்து "குறிலு... குறிலு... நெடிலு" என்று வந்தது. கடைசிக் கிளை ஓர் இலையால்கூட எதையும் தொடாமல் தரைக்கு வந்தது. அவர் இறங்கி, மிஷினைத் துடைத்து, வண்டியில் ஏறி, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

மூன்று நாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். டில்லி ஷீட்டுகளைக் கொண்டுவந்து போட்டு, போல்ட் முடுக்கச் சொல்லிக் கொடுத்தான். மூன்றாம் நாள் மாலை டீச்சர் ஒரு வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றச் சொல்லி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஒழுகவில்லை. கவலை மீன் குழம்பும் சோறும் போட்டார். நெளிந்த சட்டியிலிருந்துதான்.

நான்காம் நாள் காலை. வேலை போனதாகவே நினைத்து, மளிகை சுற்றி வந்த காகிதம் ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன். வாசலில் குட்டியானை ஹாரன் கேட்டது. சவரி மச்சான் இறங்காமலே கூப்பிட்டார்.

"மாப்ள, அந்த பைக்கு ஹெல்மெட்ட வூட்லயே வுட்டுட்டு வா."

இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தன. இரண்டும் சரியாகப் புரிந்தன. ரெஜினா என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

பதின்மூன்று வருடமாக அந்தக் கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் புதியவர்களே, கேளுங்கள். காதை மூடாத ஹெல்மெட் போடுங்கள். மிஷின் பிடிப்பவர் காதை மூடட்டும், கயிறு பிடிப்பவர் மூடக் கூடாது. சுற்றைக் குறைக்காதீர்கள். மேலே ஏறுவதற்கு முன் கரன்ட் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள், கீழே நிற்பவர் காலடியில் காய் கிடக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பூட்ஸுக்குள் எறும்பு போனால் வெளியே வர வழியே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், மேலே இருப்பவருடைய உச்சரிப்பைத் திருத்தாதீர்கள்.

வீட்டில் என் நிலைமை மாறவில்லை. சவரி மச்சான் பேரனுக்குக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். பின்வரிசையிலிருந்து மொத்தக் குடும்பமும் ஒரே குரலில், மெதுவாக, "நெடிலு" என்றது. சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

போன மாதம் திருவொற்றியூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்குத் தெரியாத ஆட்கள் சாலையோர மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து ஒருவர், "குறிலு... குறிலு... நெடிலே" என்றார். கீழே கயிறு பிடித்திருந்தவரிடம் மெதுவாகப் போய், அது என்ன வார்த்தை என்று கேட்டேன்.

கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "அது இங்கிலீசு சார். மிஷின் கூட வந்தது. படிச்சவங்களுக்கே தெரியாது."

நான் திருத்தவில்லை.