துருக்கிக் கல்யாணத்தை ரோட்டுக்குக் கொண்டுபோனவன்

எனக்கு ஆடத் தெரியாது. அடக்கத்தில் சொல்லவில்லை, ஒரு மண்டபம் நிறையத் துருக்கியர்கள் சாட்சிக்கு வருவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடக்கு லண்டனில், ஹசன் என்ற துருக்கியரின் தையல் ஆலையில் வேலை செய்தேன். வேலை எடுத்துத் தந்தவர் பெரியப்பாவின் மகன் சிவம் அண்ணை. ஹசன் தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். போகும் வழியிலேயே அண்ணை எச்சரித்தார்.

"சாப்பிட்டமா, வாழ்த்தினமா, வந்தமா எண்டு இருக்க வேணும். மானத்தை வாங்கிப் போடாதை."

"ஓம் அண்ணை" என்றேன்.

மண்டபத்தில் பெரிய மேளமும் நாயனம் மாதிரி ஒரு குழலும் முழங்க, நடுவில் ஒருவர் கீபோர்டில் டிஸ்கோ தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கோயில் மேளமும் டிஸ்கோவும் ஒரே வீட்டில் குடியிருந்தால் அப்படித்தான் இருக்கும். முக்காடு போட்ட கிழவிகளும் ஜீன்ஸ் போட்ட பெட்டைகளும் சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு ஒரே வரிசையில் ஆடினார்கள். மேசைக்கடியில் என் காலும் தானாகத் தாளம் போட்டது. அதை ஹசன் பார்த்துவிட்டார். (காலைப் பிடித்து அடக்கியிருக்கலாம். இரண்டு கையிலும் கோழிக்கால் இருந்தது.)

என்னை இழுத்து, வரிசையின் தலைவருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். தலைவர் மணமகளின் மாமா. சிவப்புக் கைக்குட்டையைச் சுழற்றியபடி ஆடிக்கொண்டிருந்தார். எல்லோரும் வலப்பக்கம் போக நான் இடப்பக்கம் போய், அவருடைய காலை நன்றாக மிதித்தேன். நொண்டியபடி விலகிய மனிதர் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். வியர்வை துடைக்கத்தான் தருகிறார் என்று நினைத்து முகம், கழுத்து எல்லாம் துடைத்தேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

கைக்குட்டை வைத்திருப்பவன் போகும் வழியில்தான் வரிசை போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெட்கம் தாங்காமல் வாசல் பக்கம் நழுவினேன். பக்கத்தில் என் சுண்டுவிரலைக் கோத்திருந்த துருக்கி அம்மா விடவில்லை, கூடவே வந்தார். பஸ் தரிப்பிடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், மணமகள், மாப்பிள்ளை, கிழவிகள் என்று முழுக் கல்யாணமும் நடைபாதையில் ஆடிக்கொண்டிருந்தது. வந்த பஸ்ஸின் டிரைவர் ஹோர்ன் அடித்துத் தாளத்தில் சேர்ந்துகொண்டார். வரிசையின் கடைசியில், ஒரு கையில் கேக் தட்டோடு சிவம் அண்ணை.

"எங்கையடா எங்களைக் கொண்டு போறாய்?"

"தெரியேல்லை அண்ணை. நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹசன் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மகளின் கல்யாணத்தை முழுத் தெருவும் பார்த்துவிட்டதாம். இளைய மகளின் கல்யாணத்துக்கும் நான்தான் முன்னால் ஆட வேண்டுமாம்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால், நான் கை கழுவ எழுந்தால் போதும். சிவம் அண்ணையின் மனைவி மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார்:

"தம்பி எழும்பிட்டார். ஒருத்தரும் பின்னால போகாதேங்கோ."