சிமென்ட் அட்டை போட்ட நூலகம்

"அருமையான புத்தகம், அவசியம் படியுங்கள்" என்று பிள்ளைகளிடம் நான் நீட்டுகிற புத்தகங்களில் பாதியை நானே படித்ததில்லை. எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன் (இல்லையென்றால் சொல்லிவிடாதீர்கள்).

தொண்ணூற்றெட்டில் அரியலூர் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. சொந்த ஊர் நாகர்கோவில். முதல் நாள் ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஊர் வழக்கப்படி வாஞ்சையாக, "மக்களே, இருங்க" என்றேன். ஓட்டுக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்து பாடத்தைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று வைராக்கியம் பூண்டேன். பள்ளி விட்டால் மறுநாள் வரை என் வாடகை அறையில் என்னிடம் பேசுகிற ஒரே ஜீவன் பால்காரர். அவரும் "அரை லிட்டருங்களா?" என்பதோடு முடித்துக்கொள்வார்.

வகுப்பு நூலக யோசனை அப்போதுதான் வந்தது. வாசிப்பை வளர்க்க என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். உண்மையில், கதை படித்தால் அதைப் பற்றிப் பேசவாவது யாராவது என்னிடம் வருவார்கள் என்ற ஆசை. திருச்சிக்குப் போய் பேய்க்கதை, துப்பறியும் கதை, கால்பந்து, நட்சத்திரங்கள், சமையல், கப்பலேறிப் போன ஒரு பெண்ணின் கதை என்று யாருக்கு எது பிடிக்குமோ என எல்லா வகையிலும் அள்ளி வந்தேன்.

அடுத்து அட்டை. அந்த ஊரில் பாடப்புத்தகங்களுக்கெல்லாம் சிமென்ட் பைக் காகிதம்தான் அட்டை. நானும் பைகளை வாங்கி, அறையில் தனியாக உட்கார்ந்து வெட்டி, எல்லாவற்றுக்கும் போட்டேன். ஓயாமல் தும்மல் வந்தது. ஜலதோஷம் என்று கஷாயம் குடித்தேன். புத்தகங்களைப் பள்ளியின் தகரப் பெட்டியில் இறுக்கி அடுக்கிவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போனேன்.

ஐப்பசி மழை தன் வேலையைச் செய்தது. பெட்டிக்கு நேர் மேலே ஓர் ஓடு விலகியிருந்தது.

விடுமுறை முடிந்து திறப்பு விழா. ரிப்பன், சுண்டல் எல்லாம் உண்டு. தலைமையாசிரியர் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். எல்லாப் புத்தகங்களும் ஒரே பாளமாக எழுந்து வந்தன.

"என்னம்மா இது, நூலகமா, அஸ்திவாரமா?" என்றார்.

"மக்களே"வுக்குச் சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. முன்வரிசை மலர்க்கொடி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "பையை நல்லா ஒதறி, தொடைச்சுட்டுதான் அட்டை போடணும் டீச்சர். நீங்க அடுக்கும்போதே பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்கதான் எங்ககிட்ட பேசவே மாட்டீங்களே."

ஆளில்லாத ஆசிரியர் அறையில் போய் அழுதேன்.

பாளம் வகுப்பு மூலையில் கிடந்தது. பையன்கள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு ஒருநாள் மதிய இடைவேளையில் டொக் டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், மலர்க்கொடி தன் கொத்தனார் அப்பாவின் உளியால் பாளத்தைப் பிளந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம். பெட்டியில் ஒழுங்காக இருந்திருந்தால் சீந்தியிருப்பார்களா தெரியாது. கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அடிதடி நடந்தது. ஓரங்கள்தான் இறுகியிருந்தன, நடுப்பக்கங்கள் பிழைத்திருந்தன.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என் அறைக் கதவு தட்டப்பட்டது. மலர்க்கொடியும் இன்னும் இரண்டு பெண்களும்.

"டீச்சர், கப்பல்ல போன பொண்ணு வூட்டுக்குத் திரும்பி வந்துச்சா? கடைசிப் பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு."

எனக்கெப்படித் தெரியும்? நான் பின்னட்டையைத் தாண்டியதில்லை.

"உள்ள வாங்க மக்களே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வந்தாள் என்று சொன்னால் இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் கப்பலைப் புயலில் விட்டேன். தீவில் ஒதுக்கினேன். மாலுமிக்கு அம்மை வரவழைத்தேன். டீக்கு மேல் டீ போட்டேன். பால் தீர்ந்தது, அவள் கரை சேரவில்லை. "மிச்சத்த நாளைக்கு வந்து கேக்குறோம் டீச்சர்" என்று கிளம்பினார்கள்.

மறுநாள் காலை "அரை லிட்டருங்களா?" என்றார் பால்காரர்.

"ஒரு லிட்டர்" என்றேன்.

இன்றும் ஒரு சின்ன விஷயத்தை நான் இழுத்துச் சொல்ல ஆரம்பித்தால், என் கணவர் மகளைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "அம்மா கப்பல எடுத்துட்டா. போய் இன்னொரு அரை லிட்டர் வாங்கிட்டு வா."