பத்தொன்பதாம் கட்டம்

வாழிநாட்டில் சூரியனுக்கு வரி கிடையாது. அது விழ வைக்கும் நிழலுக்கு உண்டு.

நாட்டு மண் முழுவதும் மாமன்னருடையது. அந்த மண்ணில் ஒருவர் வீட்டின் நிழல் விழுந்தால் அது ஆக்கிரமிப்பு. ஆக்கிரமித்தவர் வரி கட்ட வேண்டும். அளக்கும் நேரத்தில்தான் கொஞ்சம் சங்கடம். அளவுக்காரர்கள் பொழுது சாயும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். நாலு முழக் குடிசைக்கும் அந்நேரம் பனைமர நீளத்துக்கு நிழல் கிடக்கும். அரண்மனையை மட்டும் உச்சி வெயிலில் அளந்தார்கள். சாயங்காலம் அங்கே விருந்தாளிகள் வருவார்கள், தொந்தரவு செய்யக் கூடாது.

சிலம்பாயி அந்த நாட்டின் கல்லுக்குழியில் ஜல்லி உடைக்கிறவள். கூலி கூடைக் கணக்கு. பதினோரு வருடம், வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் மேஸ்திரி வேண்டாமென்று ஒதுக்கிய கோணக்கல் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவாள். அந்தக் கோணல்களெல்லாம் சேர்ந்துதான் ஊர் மேட்டில் அவளுக்கு ஒரு வீடாயின. சுவர் பாதி எழும்பும்போதே புருஷன் போய்ச் சேர்ந்தான். மகள் வேம்பு அந்த வீட்டில்தான் பெரியவளானாள், அங்கிருந்துதான் வாக்கப்பட்டுப் போனாள்.

மேட்டில் கட்டியதுதான் சிலம்பாயி செய்த தப்பு. மேட்டு வீட்டு நிழல் சரிவில் இறங்கி ஓடை வரைக்கும் ஓடும். மூன்று வருடத்தில் வரிப் பாக்கி அறுபது வராகன் ஏறியது. ஆனி மாதம் பிறந்ததும் தண்டோரா போட்டு வீட்டை ஏலம் விட்டார்கள். நெல் மண்டிக்காரர் ஒருவர் அறுநூறு வராகனுக்கு எடுத்தார். சிலம்பாயி சம்மட்டியையும் ஓர் அண்டாவையும் தூக்கிக்கொண்டு கல்லுக்குழி ஓரத்துச் சாமான் கொட்டகைக்குக் குடிபோனாள்.

அப்போது வேம்புக்கு நாலாம் மாதம். தலைப்பிரசவம். கார்த்திகையில் தாய்வீட்டுக்கு வந்துதான் பெற்றுக்கொள்ள வேண்டும். மாமியார்க்காரி ஆள்மேல் சொல்லி அனுப்பினாள்: "சம்பந்தி, உங்க வீடு எங்கிருக்குன்னு சொல்லி அனுப்புங்க, வண்டி கட்டுறோம்."

சிலம்பாயி வந்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பதினைந்து நாள் கழித்து, மண்டிக்காரர் வீட்டில் சுவர் பூசப் போயிருந்த மாயழகு ஒரு காகிதத்தோடு வந்தான். மாயழகு அவள் பக்கத்துக் குவியலில் கல் உடைக்கிறவன். பூச்சு வேலையும் தெரியும்.

"அக்கா, ஒன் வீட்டு உள்சுவத்துல இதை ஒட்டியிருந்தானுக. கிழிக்கச் சொன்னாரு மண்டிக்காரரு. ஒம் பேரு போட்டிருக்கும்போலன்னு பதமா உரிச்சுட்டு வந்தேன்."

படிக்கத் தெரிந்த மேஸ்திரி படித்தார். பாக்கி அறுபது போக ஏலத்தில் மிஞ்சிய ஐந்நூற்று நாற்பது வராகன் முன்னாள் உரிமையாளரையே சேரும். அன்னார் உபரித் துறையில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம். முன்னாள் உரிமையாளருக்கான அந்த அறிவிப்பை அவள் நுழைய முடியாத வீட்டின் உள்ளே ஒட்டியிருந்தார்கள். சட்டப்படி ஒட்டியாயிற்று.

"ஐந்நூத்தி நாப்பதா?" என்று சிலம்பாயி மூன்று தடவை கேட்டாள். பிறகு மாயழகின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டான்.

"அட விடுக்கா. சுண்ணாம்புக் கை, கண்ணு எரியப்போகுது."

மறுநாள் உபரித் துறைக்குப் போனாள். குமாஸ்தா சங்குபாணி இளைத்த மனிதர். ஏழு வருடமாக அதே நாற்காலி. தலை நிமிராமல் கேட்டார்.

"முகவரி?"

"அதைத்தானே சாமி வித்துட்டீங்க."

"வித்த வீட்டுக்கு முகவரி இருக்கும்மா. ஒனக்குத்தான் இல்ல. முகவரி இல்லாதவங்க மனு கொடுக்க முடியாது."

திரும்பி வந்து சொன்னாள். மாயழகு மீதமிருந்த சுண்ணாம்பைக் குழைத்துச் சாமான் கொட்டகைக் கதவில் 'எண் 1' என்று எழுதினான். முகவரி ஆயிற்று. மூன்றாம் நாள் மாலை அளவுக்காரர்கள் வந்து கொட்டகையின் நிழலை அளந்தார்கள். எண் இருந்தால் வீடு, வீடென்றால் வரி. குழிக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கட்டினார்கள்.

பிறகு அவள் நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் முத்திரை இல்லை. ஒருநாள் முத்திரை இருந்தது, மை இல்லை. ஒருநாள் உபரித் துறை நாயகம் என்ற பெரிய அதிகாரியே அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"அம்மையே, தங்கள் பணம் அரசாங்கக் கருவூலத்தின் தரையில் வைக்கப்பட்டுள்ளது. தரை மாமன்னருடையது. ஆகவே நாளொன்றுக்கு ஒரு வராகன் இடவாடகை, ஏல நாளிலிருந்து கழிக்கப்படும்."

"நான் அங்க வைக்கச் சொல்லலியே சாமி. எடுத்துக் கையில குடுத்துட்டா எடம் காலியாயிருமே."

"அதற்குத்தான் முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்கிறோம்," என்றார் நாயகம், மிகுந்த பொறுமையோடு. "தாமதம் தங்கள் பக்கம்தான்."

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கல்லுக்குழியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கையில் சிராய் ஏறியோ, காய்ச்சலிலோ, சாவு வீட்டுக்கோ வராமல் போனால், அன்று பொழுது இறங்கும்போது மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கூடை ஜல்லியை அவர் குவியலில் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கேட்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சிலம்பாயி உபரித் துறை வாசலில் காய்ந்த நாளெல்லாம் அவள் குவியலில் முப்பத்தாறு கூடை விழுந்தது. அதனால் ஒருவேளைக் கஞ்சிக்கு அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. கொட்டகை நாலு இடத்தில் ஒழுகியது. இருபதாம் தேதி, ஒருவழியாக மனுவை எழுத எடுத்தார் சங்குபாணி. மொத்தம் பத்தொன்பது கட்டம். பெயர், வயது, நிழலின் நீளம் என்று பதினெட்டு கட்டங்களைக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

"பத்தொன்பது. நன்றிக்குரியவர் பேரு. யாரு பேரைப் போடட்டும்?"

இந்தக் கட்டத்தின் கதை தனி. வாழிநாட்டில் மாமன்னரையும் தேர்தல் வைத்துத்தான் எடுப்பார்கள். அதனால் மக்கள் அன்பு விஷயத்தில் அவருக்கு அக்கறை அதிகம். உபரி பெறுகிறவர் யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறாரோ அவரிடமே அந்தத் தொகை சேர வேண்டும் என்று சட்டத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்த்திருந்தார். தன் பெயரை அதில் அச்சடித்துவிடலாம் என்று அமைச்சர் சொன்னபோது மாமன்னர் மறுத்துவிட்டார். "அன்பு தானாக வர வேண்டும். அச்சடித்தால் அது அன்பாகுமா?" கட்டம் வெறுமையாகவே விடப்பட்டது. ஏழு வருடத்தில் மனுக் கொடுத்த அத்தனை பேரும், அரசாங்க வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, மாமன்னர் பெயரையே சொன்னார்கள். உபரியெல்லாம் அரண்மனைக்குப் போனது. 'மக்கள் மனமுவந்து திருப்பித் தந்தனர்' என்று ஆண்டுதோறும் முரசறைந்தார்கள்.

பொடி எழுத்து சிலம்பாயிக்குத் தெரியாது. பெரிய எழுத்தும் தெரியாது. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள்.

"எழுதிக்குங்க சாமி. மாயழகு. மேஸ்திரி அரசப்பன். பெரியசடைச்சி, சின்னசடைச்சி. கூன்விழுந்த முத்தாண்டி..."

சங்குபாணி நிமிர்ந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவை.

"யாரும்மா இவங்க?"

"எனக்குக் கூடை போட்டவங்க."

"இப்படிப் போட்டா..." என்று ஆரம்பித்த குமாஸ்தா, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஒரே பெயரை ஏழு வருடம் எழுதிய கையைச் சொடுக்கு எடுத்தார். "கட்டம் பத்தாது. ஓரத்துல எழுதிக்கிறேன். மெதுவாச் சொல்லு."

முப்பத்தாறு பெயர். எழுதி, மணல் தூவி, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார்.

விஷயம் நாயகத்துக்குத் தெரிந்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. அவளைக் கூப்பிட்டார்.

"அம்மையே, மாமன்னரின் திருப்பெயரை மறந்துவிட்டீர்களா?"

"அவுக பேரு எதுக்கு சாமி? அவுக என்ன கூடை போட்டாகளா?"

நாயகம் அமைச்சரிடம் ஓடினார். அமைச்சர் வெகுநேரம் யோசித்தார். மறுநாள் அயல்நாட்டுத் தூதர்களுக்கு விருந்து. அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டித்தான் வாழிநாட்டின் சுதந்திரத்தைப் பற்றி மாமன்னர் பேசுவதாக இருந்தது. முத்திரை வைத்த மனுவைக் கிழித்தால் கட்டம் வெற்றுக் கட்டம் இல்லை என்றாகிவிடும். "சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரவிட்டார் அமைச்சர்.

நூற்று நாற்பத்து நாலு நாள் இடவாடகை போக முந்நூற்றுத் தொண்ணூற்றாறு வராகன். ஆளுக்குப் பதினொன்று. சேவகர்கள் கல்லுக்குழிக்கே வந்து பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சிலம்பாயி பெயரைக் கூப்பிடவே இல்லை.

"எம் பணம் சாமி?"

"நீதான் நன்றி சொல்லிட்டியே," என்றான் சேவகன்.

அவள் சம்மட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வேம்புக்கு நாள் நெருங்கிவிட்டது. முப்பத்தாறு பேரும் காசை மடியில் முடிந்துகொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பதினொரு வராகன் என்றால் அந்தக் குழியில் ஒருவன் ஐந்து மாதம் கல் உடைக்க வேண்டும். அவள் எழுந்து தன் கல்லை உடைத்தாள்.

பொழுது இறங்கியது. பெரியசடைச்சி கூடையோடு வந்தாள்.

"நான் இன்னைக்கு வேலைக்கு வந்துட்டேன்டி. எனக்கு எதுக்குக் கூடை?" என்றாள் சிலம்பாயி.

"வாய மூடிட்டு நகரு," என்று கொட்டிவிட்டுப் போனாள். ஜல்லிக்குள் ஏதோ மின்னியது. அடுத்து மேஸ்திரி. அடுத்து முத்தாண்டி, கூனலோடு கூனலாக. மாயழகு கொட்டிவிட்டுச் சொன்னான்: "நல்லாச் சலிச்சு எடுக்கா. கல்லோட கல்லா வித்துப்புடாத."

முப்பத்தாறு கூடை விழுந்தது. சலித்துப் பார்த்ததில் முந்நூற்று எழுபத்து நாலு வராகன் இருந்தது. இரண்டு கூடையில் வெறும் ஜல்லிதான். அது யாருடையது என்று சிலம்பாயி கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் மழை ஒழுகியிருக்கும். வெறும் ஜல்லியும் ஒரு கூடை ஜல்லிதான். மண்ணில் விழுந்து நாலு திக்கும் கும்பிட்டாள்.

மேட்டை விட்டு ஓடைப் பள்ளத்தில் ஒரு மண்வீடு வாங்கினாள். மாலையில் மேட்டின் நிழலே அந்த வீட்டை மூடிவிடும். அளவுக்காரர்கள் வந்து வீட்டு நிழல் எது, மேட்டு நிழல் எது என்று தெரியாமல் விழித்தார்கள். மேடு மாமன்னருடையது. அவருக்கு வரி போட முடியாது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கார்த்திகை முதல் வாரம் வண்டி வந்தது. வேம்பு அந்தப் பள்ளத்து வீட்டில் பெண் குழந்தை பெற்றாள்.

செய்தி பரவியது. அதன் பிறகு உபரித் துறைக்கு வந்தவர்கள் பத்தொன்பதாம் கட்டத்தில் மருத்துவச்சி பெயரைச் சொன்னார்கள், கடனைத் திருப்பிக் கேட்காத கடைக்காரர் பெயரைச் சொன்னார்கள், அடுத்த வீட்டுக்காரி பெயரைச் சொன்னார்கள். சங்குபாணிக்குக் கை வலித்தது. ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. ஒரு மாதம் அரண்மனைக்கு ஒரு வராகன்கூட வரவில்லை.

அடுத்த மாதம் மனு புதிதாக வந்தது. பத்தொன்பதாம் கட்டத்தில் மாமன்னரின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. மக்கள் எழுதச் சிரமப்படுவதைக் காணப் பொறுக்காமல் எடுத்த முடிவு என்று அறிவித்தார்கள்.

அரசாங்க அச்சகத்தில் இப்போது வேலை அதிகம். மாசியில் தேர்தல். வாக்குச்சீட்டையும் அங்கேதான் அடிக்கிறார்கள், மக்கள் சிரமப்படக் கூடாது என்று.