நல்லாசிரியர் கீரந்தையார்

மழைக்குப் பஞ்சமில்லாத ஒரு நாட்டில், ஏரிக்கரை கட்டும் கலையை அரசுக் கல்லூரியில் இருவர் கற்பித்துவந்தார்கள்: கீரந்தையாரும் அல்லியங்கோதையும். பாடம் எப்படி இருக்கிறதென்று மாணவர்கள் பெயர் போடாமல் ஓலை எழுதிக் குடத்தில் இடலாம் என்றார் மன்னர்.

'கேள்வி கேட்டால் சீறுகிறார்' என்று கீரந்தையாருக்கு வந்தது. கோதைக்கும் புகழ் வரவில்லை: 'ஓட்டமாக ஓடுகிறீர்கள், கணக்குப் புரியவில்லை.' அவள் அதை வகுப்பிலேயே படித்துச் சிரித்தாள். மறுநாளிலிருந்து நிதானமாக நடத்தினாள். அடுத்த பருவத்தில் அவள் வகுப்பில் உட்கார இடமில்லை. அங்கே சிரிப்பொலி எழும்போதெல்லாம் எதிரறையில் கீரந்தையாருக்கு வயிறு எரிந்தது.

கல்வி அமைச்சரிடம் போனார். "பேரில்லாம எழுதுறது கோழைத்தனமுங்க."

அமைச்சர் கண்மூடி யோசித்தார். "கருத்துரிமை நமக்கு உயிரினும் மேலானது. ஆகவே அதற்குக் காவல் போடுவோம்."

ஓலையில் இனி மாணவன் பெயரோடு தந்தை பெயரும் வேண்டும் என்று ஆணை வந்தது. பிறகு, குறை சொல்பவன் அதை மன்னர் முன்னிலையில் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். கடைசியாக, குறைகளைக் கேட்டு வாங்கும் ஆசிரியர் கல்லூரியை இழிவுபடுத்துகிறார் என்று கோதையை வெளியேற்றினார்கள். கீரந்தையாருக்கு நல்லாசிரியர் பட்டம் கிடைத்தது.

கோதை ஆற்றுக்கு அக்கரையில், ஊரார் கேட்டுக்கொண்டபடி ஒரு கரை எழுப்பிக்கொண்டே பாடம் நடத்தினாள். கீரந்தையாரால் பொறுக்க முடியவில்லை. பரிசலேறிப் போய்ப் புதர் மறைவில் நின்று பார்த்தார்.

"அம்மா, நேத்து நீங்க சொன்ன சரிவு தப்பு. கரை நிக்காது" என்றாள் ஒரு பெண்.

"அப்படியா? மண்ணுல போட்டுக் காட்டு." கோதை குனிந்து பார்த்தாள். "அட, ஆமா! நல்லவேளை சொன்னே."

இப்படி ஒரு சொல் தனக்கு ஏன் வாய்க்கவில்லை? மறுநாள் வகுப்பில் வேண்டுமென்றே சொன்னார்: "தண்ணீர் மேட்டை நோக்கித்தான் ஓடும்." ஒரு குரலாவது எழாதா என்று காத்திருந்தார்.

"அருமைங்க ஐயா!" என்றது வகுப்பு, பிழையில்லாமல் எழுதியும் கொண்டது.

அந்த மாணவர்களே அரசுப் பொறியாளர்களாகி நாட்டின் கரைகளைக் கட்டினார்கள். கல்லூரியின் வெற்றியைக் கண்டு மகிழ்ந்த மன்னர், குடத்தையும் அதன் விதிகளையும் குடிமக்கள் எல்லோருக்கும் விரிவாக்கினார். நாட்டில் ஒரு குறையும் பதிவாகவில்லை.

அந்த ஐப்பசியில் கரைகள் உடைந்தன. கூரை மேல் நடுங்கிக்கொண்டிருந்த கீரந்தையாரிடம் குடத்தோடு ஓர் அதிகாரி படகில் வந்தார். "அரசின் கரைகள் குறித்துத் தங்கள் மேலான கருத்து?"

அக்கரையில் கோதையின் கரை அசையாமல் நின்றது. அதன்மேல் ஈரம்படாத மனிதர்கள். இத்தனை வெள்ளத்திலும் அவர் வயிறு எரிந்தது. தன் பெயரையும் தந்தை பெயரையும் நினைத்துக்கொண்டார்.

"அருமைங்க."

"மிக்க மகிழ்ச்சி. குறையுள்ளவர்களை மட்டுமே படகில் ஏற்ற வேண்டும் என்பது ஆணை" என்று கும்பிட்டுவிட்டு, யாரையும் ஏற்றாத படகை அடுத்த கூரைக்குத் திருப்பினார் அதிகாரி.